குடங்கள் நின்ற தெரு

பெங்களூர் மாநகரில், ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் அடுத்து நீலசந்திரா என்றொரு பகுதி உண்டு. தமிழொலி மிகுதியாகக் கேட்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. 'சந்திரா' என்ற இறுதிச் சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு நிலவே நினைவுக்கு வரும். ஆனால் பொம்மசந்திரா, திப்பசந்திரா, சிங்கசந்திரா என்று அந்நகரைச் சுற்றி வழங்கும் பெயர்களை ஒருங்கே வைத்து நோக்கினால், இச்சொல் 'சமுத்திரம்' என்பதன் தேய்ந்த வடிவம் என்று கூறுவோர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏரியைச் சமுத்திரம் என்று பெருமையுடன் அழைப்பது நம் முன்னோர் வழக்கம். அம்பாசமுத்திரத்தை நாம் அறிவோம் அல்லவா?

நீரின் பெயர் தாங்கிய இவ்வூரின் குறுகிய தெருக்களில், கோடையில் ஒரு விடியற்காலை நடந்து செல்வோமாயின், தெருக்குழாயை நோக்கிப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், இடையிடையே கறுத்துப்போன பழைய குடம் ஒன்று. குடங்களுக்கு உரியவர் எவரும் அங்கே இல்லை. அவர்கள் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எழுப்பிக்கொண்டோ இருப்பார்கள். ஆயினும் வரிசை குலைவதில்லை. ஒரு குடத்தை நகர்த்தி வைப்பது, அதற்குரிய ஆளைத் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்கு ஒப்பாகும். அதனால் எழும் பூசல் எளிதில் அடங்காது. குடம் அங்கே வெறும் பாத்திரமாக நிற்கவில்லை. ஓர் ஆளுக்குப் பதிலாளாக நிற்கிறது.

இக்காட்சியை நாம் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அன்றாடம் புழங்கும் பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு பொது இடங்களில் கலைப்படைப்புகளை நிறுவும் வழக்கம் சென்ற அரை நூற்றாண்டில் உலகெங்கும் பரவியுள்ளது. கூடை, வாளி, புட்டி, மூடி, எண்ணெய்க் கலம் ஆகியவற்றை அடுக்கியும் தொங்கவிட்டும் பரப்பியும், அவை நிற்கும் இடத்தையே கலையாக்கிவிடுகின்றனர். இதனை நிறுவுகலை என்று இந்நாளில் அழைக்கிறோம். இதன் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் பாரிஸிலோ நியூயார்க்கிலோ தொடங்குவர். நாமும் அங்கே செல்லத்தான் வேண்டும். எனினும் நம் தெருவிலிருந்து புறப்பட்டுச் சென்றால், அப்படைப்புகளுள் எது உயிருள்ளது, எது வெறும் குவியல் என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் கிட்டும்.

பெங்களூருக்குக் குடத்தைத் தெருவில் கொண்டுவந்து போற்றுவது புதிதும் அன்று. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. திகளர் சமூகத்தைச் சேர்ந்த ஆடவர் ஒருவர் பெண்கோலம் பூண்டு, மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி, இரவு முழுதும் பழைய பேட்டைத் தெருக்களில் நடந்து வருவார். ஊரே விழித்திருந்து காணும். அக்கரகம் திரௌபதியின் வடிவமாகவே கருதப்படுகிறது. குடம் ஒன்று இன்னொருவருக்குப் பதிலாக நிற்கக்கூடும் என்ற எண்ணம் இம்மண்ணில் ஆழ ஊன்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, குழாயடிக்குக் குடம் வந்த கதை. ஆங்கிலேயர் 1809-இல் தம் படைத்தளத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, அதனைச் சார்ந்து பிழைக்க வந்தோருள் தமிழர் மிகப் பலர். அந்நாளில் ஏரியும் கிணறுமே ஊருக்கு நீர் அளித்தன. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. 1974-இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டு நிலத்தின் மேல் இறைத்து ஏற்றப்பட்ட காவிரி வந்து சேர்ந்தது. காவிரி வர வர, ஏரிகளின் தேவை மறக்கப்பட்டது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. நீலசந்திராவுக்கு அண்மையிலேயே இருந்த அக்கித்திம்மனஹள்ளி ஏரியின் மேல் இன்று ஹாக்கி பந்து உருள்கிறது. ஏரி இருந்தவரை, நீர் எடுக்கப் போவோர் கரை நெடுகிலும் பரவி இறங்கலாம். குழாய்க்கோ ஒரே வாய். வரிசை என்பது அன்று பிறந்தது. வரிசை பிறந்ததும் குடத்துக்குப் புதியதோர் உத்தியோகம் கிடைத்தது எனலாம்.

அப்போது நின்றவை மண்குடமும் பித்தளைக் குடமுமாகும். மண்குடம் உடையும். பித்தளையோ நீர் நிரம்பியதும் இடுப்பை முறிக்கும். தெருவில் விட்டுச் சென்றால் களவு போகும். 1953-இல் ஜெர்மன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் சீக்ளர், உயர் அழுத்தமின்றியே கெட்டியான பாலிதீனை ஆக்கும் வழியைக் கண்டார். அத்துறைப் பணிக்காக இத்தாலியரான ஜூலியோ நாட்டாவுடன் 1963-இல் நோபல் பரிசும் பெற்றார். உருகிய பிளாஸ்டிக் குழலை அச்சின் நடுவே நிறுத்திக் காற்றை ஊதினால், கண்ணாடிப் புட்டி ஊதுவது போலவே, அகன்ற வயிறும் குறுகிய கழுத்தும் கொண்ட கலம் உருவாகிவிடும். 1969-இல் இந்தியப் பெட்ரோ இரசாயனக் கழகம் நிறுவப்பட்டு, மூலப்பொருள் நம் நாட்டிலேயே பெருகத் தொடங்கிய பின்னர், பிளாஸ்டிக் குடம் ஊர் ஊராகப் புகுந்தது.

அதன் உருவத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கொண்டு எவ்வுருவமும் செய்யலாம். சதுரமாகவே செய்திருக்கலாம், அடுக்குவதற்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் பெண்ணின் இடுப்பில் பொருந்தும் வளைவும், கை செருகிப் பிடிக்கும் கழுத்தும், குயவர் பல தலைமுறையாகச் சக்கரத்தில் கண்டுபிடித்த வடிவம். ஆலை அதனை அப்படியே எடுத்துக்கொண்டது. குயவரின் பிழைப்பையும் உடன் எடுத்துக்கொண்டது. வெறுங்குடத்தின் எடை சில நூறு கிராம் என்று ஆனதில் பெண்களின் இடுப்புக்குக் கிடைத்த ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அந்த ஆறுதலின் விலையைச் செலுத்தியவர் சூளைக்கருகே இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது மேல்நாட்டுக்கு வருவோம். 1917-இல் மார்சேல் துஷாம்ப், கடையில் வாங்கிய சிறுநீர்க் கலம் ஒன்றைப் பொய்ப்பெயரில் கையொப்பமிட்டு நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அது காட்சிக்கு வைக்கப்படவில்லை. ஆனால் அன்று எழுந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. 1942-இல் பிக்காஸோ சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளையின் தலையாக்கினார். கலைஞனுடைய கை ஒரு பொருளை உருவாக்க வேண்டும் என்பதில்லை, அதனைத் தேர்ந்து நிறுத்தினாலே போதும் என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. இக்கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆதலால் நாம் விரைந்து கடப்போம்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை நாம் நின்று நோக்க வேண்டியவர் டோனி கிராக். இவர் 1949-இல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். இளமையில் இயற்கை ரப்பர் ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிந்தவர். பின்னர் ஜெர்மனியில் குடியேறினார். 1978-இல் ரைன் ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கி வந்தார். உடைந்த மூடி, பொம்மையின் கை, விளையாட்டுக் கார், சீப்பு என்று எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வானவில்லின் முறைப்படி சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியுமாறு அடுக்கினார். நியூட்டனின் பெயரைச் சிலேடையாக்கி 'புதிய கற்கள், நியூட்டனின் நிறங்கள்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். கற்கள் என்று அவர் அழைத்தது விளையாட்டுக்கு அன்று. ஆற்றங்கரையில் கூழாங்கல் கிடக்க வேண்டிய இடத்தில் இப்போது இவை கிடக்கின்றன. அகழாய்வு செய்வோர் பானை ஓட்டை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்து எண்ணிட்டு வைப்பது போலவே, தன் காலத்தின் ஓட்டாஞ்சில்லுகளை அவர் எடுத்து வைத்தார்.

நம் நாட்டிலும் இவ்வெண்ணத்துக்கு இணையான ஒன்று உண்டு. 2012-இல் முதன்முதலாக நடந்த கொச்சிக் கலைவிழாவில், விவான் சுந்தரம், பட்டணம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைத் தரையில் பரப்பி, பண்டைய முசிறித் துறைமுகத்தை நினைவூட்டும் நகரம் ஒன்றை அமைத்தார். அதற்கு நான்காண்டு முன்னர், 2008-இல், தில்லியில் குப்பை பொறுக்கி வாழ்வோரின் துணையுடன் சேர்த்த புட்டிகளையும் டப்பிகளையும் கொண்டு அவரே மற்றொரு நகரத்தை அமைத்துப் புகைப்படமாக்கியிருந்தார். 2023-இல் மறைந்த இக்கலைஞர் அமைத்த அவ்விரு நகரங்களையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். முசிறியின் கலத்தைச் செய்தவரின் விரல் ரேகை ஓட்டில் பதிந்திருக்கக்கூடும். பிளாஸ்டிக் கலத்தில் செய்தவரின் ரேகை இராது. பயன்படுத்தியவரின் தழும்பு மட்டுமே இருக்கும்.

அந்தத் தழும்பையே கலையாக்கியவர் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டைச் சேர்ந்த ரோமுவால் ஹசூமே. அண்டை நாடான நைஜீரியாவில் அந்நாளில் பெட்ரோல் மலிவாக இருந்தது. ஆகவே பெனின் இளைஞர் பலர் பெரிய பிளாஸ்டிக் கலங்களில் பெட்ரோலைக் கடத்தி வந்து பிழைத்தனர். மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கலங்களைக் கட்டித் தொங்கவிட்டு, உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவர். ஒரே பயணத்தில் இன்னும் சற்று அதிகம் கொண்டுவர வேண்டும் என்பதற்காக, கலத்தை நெருப்பில் காட்டி உப்ப வைப்பதும் உண்டு. உப்பிய கலம் மெலியும், ஒருநாள் வெடிக்கும், எறியப்படும். எறியப்பட்ட கலத்தை எடுத்த ஹசூமே, அதன் அடிப்பகுதியை அறுத்தார். மூடியிருந்த இடம் திறந்த வாயாயிற்று, கைப்பிடி மூக்காயிற்று. மனித முகம் ஒன்று நம்மைப் பார்த்தது.

அத்தகைய முகங்கள் 304-ஐக் கொண்டு அவர் 1997 முதல் 2005 வரை உழைத்து ஒரு பெரும் படைப்பை ஆக்கினார். 'அரசனின் வாய்' என்பது அதன் பெயர். பெனினில் அடிமைகளைக் கப்பலேற்றிய கடல்முகம் ஒன்றின் பெயரும் அதுவே. அடிமை வணிகத்தை எதிர்த்தோர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிட்டுப் பரப்பிய 'புரூக்ஸ்' கப்பலின் வரைபடத்தில், மனிதர்கள் மரக்கட்டைகளைப் போல நெருக்கி அடுக்கப்பட்டிருப்பார்கள். அந்த வரைபடத்தின் அமைப்பிலேயே கலங்கள் தரையில் கிடத்தப்பட்டன. அடிமை வணிகத்தைத் தடை செய்த சட்டத்தின் 200-ஆம் ஆண்டான 2007-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதனைக் காட்சிக்கு வைத்தது. நெருப்பில் உப்ப வைத்து, தாங்கும் அளவுக்கு மேல் சுமக்கச் செய்து, வெடித்ததும் வீசி எறிவது கலத்துக்கும் நேர்ந்தது, மனிதனுக்கும் நேர்ந்தது. இங்கே எவரும் நமக்கு விளக்கம் கூற வேண்டுவதில்லை. கலமே சாட்சி சொல்கிறது. நீலசந்திராவின் குடத்தைப் போலவே அதுவும் ஆளுக்குப் பதிலாக நிற்கிறது.

இதற்கு மாறான வழியும் உண்டு. தென்கொரியக் கலைஞர் சோய் ஜோங்-ஹ்வா சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் கூடைகளையும் தட்டுகளையும் வானளாவ அடுக்குவதில் புகழ்பெற்றவர். 2008-இல் சியோல் ஒலிம்பிக் விளையாட்டரங்கத்தின் புறத்தைப் பொதுமக்கள் சேர்த்தளித்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் கலங்களால் அவர் போர்த்தினார். நிறத்தின் களிப்பு அதில் பொங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. நம் ஊர்த் திருவிழாக் கடைவீதியில், வாளியும் முறமும் கயிற்றில் கோத்துத் தொங்கும் கடையின் முன் நின்றவர்களுக்கு அக்களிப்பு நன்கு விளங்கும்.

2018-இல் பெல்ஜியத்தின் புருஜ் நகரக் கால்வாயிலிருந்து பெருந்திமிங்கிலம் ஒன்று மேலெழுந்து நின்றது. பசிபிக் கடலிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 5 டன் பிளாஸ்டிக்கால், அமெரிக்கக் கட்டடக் கலைக்குழு ஒன்று அதனை அமைத்தது. சிங்கப்பூரில் 2016-இல் டான் ஸி ஷி என்னும் பெண் கலைஞர் 26,000 பிளாஸ்டிக் கழிவுகளைக் கழுவி ஓர் அறையின் மேலே தொங்கவிட்டார். அதன் கீழே நிற்போர் கடலடியில் நின்று மேலே நோக்குவது போல உணர்ந்தனர். நல்ல நோக்கத்துடன் எழுந்த படைப்புகள் இவை. கடலில் நிகழ்வதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தன. ஆயினும் நம் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. திமிங்கிலத்தின் தோலில் பதிந்த வாளி யாருடையது? அதில் துணி துவைத்தவர் யார்? அக்கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பொருள்கள் தம் சரித்திரத்தை இழந்து வெறும் செங்கல்லாகிவிட்டன. 'நீங்கள் எறிந்தீர்கள்' என்ற கண்டனம் மட்டும் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுகிறது. ஒரு முறை குடித்து வீசுபவரும், ஒரே குடத்தை ஆறேழு ஆண்டு காப்பவரும் அக்கண்டனத்தின் முன் சமமாகிவிடுகிறார்கள். அவர்கள் சமமல்லர்.

(வீசியெறியும் புட்டியைப் பற்றி ஒரு சிறு செய்தி. இன்று உலகெங்கும் குவிந்து கிடக்கும் பெட் புட்டிக்கு 1973-இல் காப்புரிமை பெற்றவர் நத்தானியல் வயத் என்ற பொறியாளர். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியரான ஆண்ட்ரூ வயத் அவருடைய தம்பி. ஒரே இல்லத்துப் பிள்ளைகளுள் ஒருவருடைய ஆக்கம் அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. மற்றவருடையது ஒவ்வொரு சாக்கடையிலும் மிதக்கிறது.)

பழம்பொருளுக்கு அதன் சரித்திரத்தோடு உயிர் தருவதில் இந்தியாவுக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. பிரிவினையின்போது ஊரிழந்து வந்த நேக் சந்த், சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். புதிய நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கான், வளையல் துண்டு, மின்விளக்குச் சாதனம் முதலியவற்றைச் சைக்கிளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டு சென்று, 1950-களின் இறுதியிலிருந்து எவருக்கும் தெரியாமல் சிலைகளைச் செய்து நிறுத்தினார். 1970-களில் அதிகாரிகள் கண்டபோது, அது அரசாங்க நிலத்தில் அனுமதியின்றி எழுந்த ஆக்கிரமிப்பு. இடிக்கவில்லை என்பது அக்காலத்து நிர்வாகிகளின் நல்லறிவு. 1976-இல் பாறைத் தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்குள்ள பொருள்கள் பிளாஸ்டிக் அல்ல என்பது மெய்யே. ஆனால் வளையல் துண்டுகளால் ஆடை பூண்ட பெண் உருவங்களின் முன் நிற்கும்போது, அவ்வளையல்களை அணிந்திருந்த கைகளை நினையாமல் இருக்க முடிவதில்லை. நேக் சந்த் 2015-இல், தம் 90-ஆம் வயதில் காலமானார். கல்கத்தாவில் 2001-ஆம் ஆண்டு துர்க்கா பூஜையில், போஸ்புக்கூர் பகுதியினர் தேநீர் பருகும் மண்கிண்ணங்களாலேயே பந்தல் அமைத்து ஊரை வியக்கச் செய்ததும் இவ்வழியைச் சார்ந்ததே.

பெங்களூரிலும் தெருக்கலைக்குப் பஞ்சமில்லை. 2015-இல் பாதல் நஞ்சுண்டசாமி என்னும் கலைஞர், சுல்தான்பாளையத்தில் சாலை நடுவே நீர் தேங்கிய பள்ளத்தில் இழைக்கண்ணாடியால் செய்த முதலை ஒன்றைப் படுக்க வைத்தார். ஊரார் கூடினர்; செய்தித்தாள்கள் படம் வெளியிட்டன; பள்ளம் விரைவில் அடைக்கப்பட்டது. முதலைக்கு இருந்த செல்வாக்கு மனுக்களுக்கு இல்லாமற் போனது குறித்து நாம் சிரித்தாலும் சரி, வருந்தினாலும் சரி.

ஆனால் கையொப்பமின்றி, கண்காட்சிச் சாலையின் அழைப்பின்றி, தமிழ் பேசும் ஊர்களில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு காட்சியை எந்தக் கலை வரலாற்றிலும் நாம் காணவில்லை. குடிநீர் வராத நாளில் பெண்கள் வெறுங்குடங்களைக் கொண்டுவந்து நெடுஞ்சாலையின் குறுக்கே வரிசையாக வைக்கிறார்கள். காலிக்குடப் போராட்டம் என்று மறுநாள் செய்தித்தாள் இரண்டு வரி எழுதும். பேருந்தும் லாரியும் அந்தச் சில நூறு கிராம் எடையுள்ள குடத்தின் முன் நின்றுவிடுகின்றன. லாரி ஏறினால் குடம் நொறுங்கிவிடும். ஓட்டுநருக்கும் அது தெரியும். ஆயினும் அவர் நிறுத்துகிறார். குழாயடியில் ஆளுக்குப் பதிலாக நின்ற குடம், சாலையிலும் ஒரு குடும்பத்துக்குப் பதிலாக நிற்கிறது என்பதை அவர் அறிவார். அவர் வீட்டுக் குடமும் எங்கோ ஒரு வரிசையில் நிற்கும்.

இதனைக் கலை என்று அழைத்தால் அப்பெண்கள் நகைப்பார்கள். அழைக்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. ஹசூமே எட்டாண்டு உழைத்துக் கண்ட உண்மையை, அவர்கள் தேவையின் நெருக்கடியில் தாமே கண்டுகொண்டார்கள் என்பதே நாம் சொல்ல வந்தது. கடையிலிருந்து 1,000 புதுக் குடங்களை வாங்கி மைதானத்தில் அடுக்கும் கலைஞருக்கு நிறம் கிடைக்கும். இந்தச் சக்தி கிடைக்காது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, வண்ணக் குடங்களின் படங்கள் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயின. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் நீருடன் வந்து சேர்ந்தது. அப்படங்களைக் கண்ட மேல்நாட்டார் பலர் நிறங்களின் அழகை வியந்ததாகக் கேட்டோம். வியப்பில் தவறில்லை. அழகாகத்தான் இருந்தன.

2024 மார்ச்சில் அந்நிலை பெங்களூருக்கு வந்தது. ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் பாதியளவு வற்றிவிட்டதாக மாநில அரசே அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்படும் வரை, பல பகுதிகளுக்கு லாரி நீரே கதியாயிற்று. கர்நாடகத்தில் 2016-லும், தமிழ்நாட்டில் 2019-லும், நாடு முழுவதும் 2022-லும் வந்த பிளாஸ்டிக் தடைகள் குடத்தைத் தொடவில்லை. தொட வேண்டிய காரணமும் இல்லை. குடம் விரிசல் கண்டால், காய்ச்சிய இரும்பால் உருக்கி ஒட்டித் தருபவர் தெருவில் வருவார். ஒட்டவும் இயலாமற் போனால், கழுத்தை அறுத்துத் துளசி நடுவார்கள். அதற்கும் உதவாதபோது, பழைய பிளாஸ்டிக்கை நிறுத்து வெங்காயம் கொடுப்பவரின் வண்டியில் ஏறிவிடும்.

ஒரே அச்சில் ஊதப்பட்ட குடங்கள் ஒன்றுபோலிருக்க, தத்தம் குடத்தை எவ்வாறு அறிகிறார்கள் என்று நாம் வியந்ததுண்டு. அருகில் சென்று பார்த்தால் தெரியும். ஒன்றின் கழுத்தில் பெயரின் முதலெழுத்து ஆணியால் சுட்டுக் கீறியிருக்கும். இன்னொன்றில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு. மற்றொன்றில் ஒட்டுப்போட்ட தழும்பே அடையாளம். லாரி தெருமுனையில் திரும்பும் ஓசை கேட்டதும் கதவுகள் திறக்கின்றன. யாரும் தவறான குடத்தைத் தொடுவதில்லை. சிறிது நேரத்தில் ஈரத்தரை மட்டும் எஞ்சுகிறது. மறுநாள் விடியுமுன் முதற் குடம் மீண்டும் அங்கே வந்து நிற்கும்.